கைப்பேசியும் உண்டு, கணினியும் உண்டு. நடுவில் இந்தச் சிறிய ஆண்டிராய்டு டேப்லட் எதற்கு?

9 ஜனவரி 2011 – பெரம்பூர் வாசகர் கேட்டது

சிம் போட முடியாத, ஐந்து அங்குலத்துக்கும் குறைந்த திரையுள்ள ஆண்டிராய்டு டேப்லட் ஒன்றை வாங்கி வரட்டுமா என்று வெளிநாட்டு உறவினர் கேட்கிறார். அதில் பேச முடியாது, நீளமாக எழுதவும் முடியாது. என் கணக்கில் இது பெரியவர்களுக்கான விளையாட்டுச் சாமான். கையில் வைத்துப் புழங்கியவர் யாரேனும் இதை மறுக்க முடியுமா?

10 ஜனவரி 2011

மறுக்கிறேன், ஆனால் முழுவதுமாக அல்ல. என்னிடம் இருப்பது ஆர்க்கோஸ் 5 இன்டர்நெட் டேப்லட். 2009 செப்டம்பரில் வெளிவந்த இதைச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மைத்துனர் சில காலம் வைத்திருந்துவிட்டு எனக்குத் தந்தார். 4.8 அங்குலத் திரை, 800க்கு 480 புள்ளிகள், 800 மெகாஹெர்ட்ஸ் சில்லு, ஆண்டிராய்டு 1.6. எடை 182 கிராம். உள்ளே ஹார்ட் டிஸ்க் வைத்த இன்னொரு வகையும் உண்டு. அது இருமடங்கு தடிமன், சட்டைப் பையைக் கீழே இழுத்துவிடும்.

தண்டையார்பேட்டையில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்குகிறவன் நான். காலை நேரத்துக் கும்மிடிப்பூண்டி வண்டியில் மடிக்கணினியைத் திறக்க எவருக்கும் துணிவு வராது; கைப்பேசித் திரையிலோ நான்கு வரிக்கு மேல் தெரிவதில்லை. ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலால் பக்கத்தை நகர்த்தி, வண்ணாரப்பேட்டை தாண்டுவதற்குள் ஒரு கட்டுரையை முடிக்க முடிகிறது என்பதே என் முதல் அனுபவம். அந்தக் கட்டுரையை முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் இறக்கி வைத்திருக்க வேண்டும் என்பது அதன் மறுபாதி. வண்டியில் இந்தக் கருவிக்கு இணையம் கிடையாது. இணையத்துக்காகவே செய்த கருவி, இணையம் அற்ற இடத்தில்தான் எனக்கு அதிகம் பயன்படுகிறது.

உறவினருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய ஒன்று: இதில் கூகுளின் செயலிக் கடையான ஆண்டிராய்டு மார்க்கெட் இல்லை. தன் செயலிகளுக்கு உரிமம் தரக் கூகுள் கைப்பேசிக்குரிய வன்பொருளை எதிர்பார்ப்பதால், ஆர்க்கோஸ் தானே ஆப்ஸ்லிப் என்றொரு கடையை வைத்திருக்கிறது. அங்கே சரக்கு குறைவு. வேண்டிய செயலிகளின் ஏபிகே என்னும் நிறுவல் கோப்பைத் தேடிப் பிடித்து நாமே நிறுவிக்கொள்ள வேண்டும்.

11 ஜனவரி 2011

விலை கேட்டவருக்கு: மைத்துனருக்கு நான் கொடுத்தது காசிமேட்டு வஞ்சிரம் மட்டுமே. ஆகவே சந்தை விலைக்கு நான் சாட்சி அல்ல. சிம்மோடு வேண்டுமென்றால் ஐந்து அங்குல டெல் ஸ்ட்ரீக் முப்பத்தைந்தாயிரத்தை ஒட்டியும், ஏழு அங்குல சாம்சங் கேலக்ஸி டேப் முப்பத்தெட்டாயிரத்தை ஒட்டியும் வந்திருக்கின்றன. அந்தப் பணத்துக்கு நல்ல மடிக்கணினியே கிடைக்கும் என்று நீங்கள் சொன்னால் அதை நான் மறுக்க மாட்டேன்.

16 ஜனவரி 2011

பொங்கல் விடுமுறையில் சற்று விரிவாக எழுத நேரம் கிடைத்தது. பெரம்பூர் நண்பர் தமிழைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வாங்கிய மறுநாள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

ஆண்டிராய்டு 1.6இல் தமிழ் எழுத்துரு இல்லை. எந்தத் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாலும் வரிசை வரிசையாகக் கட்டங்கள். விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் வேறொரு ஆண்டிராய்டு கருவியை ரூட் செய்து, அதாவது அதன் பூட்டிய உள் அமைப்பைத் திறந்து, கணினியிலிருந்த தமிழ் எழுத்துருவை உள்ளே போட்டுக் காட்டினார். கட்டங்கள் மறைந்தன, எழுத்துகள் வந்தன, ஆனால் படிக்க முடியவில்லை. நமது கொம்புகள் எல்லாம் இடம் மாறி நின்றன. "பெரம்பூர்" என்பது "பரெம்பூர்" என்று தோன்றியது. "சென்னை"யில் தொடக்கக் கொம்பு சகரத்தைத் தாண்டி னகரத்தின் தலைமாட்டில் போய் நின்றது. இறுதியிலுள்ள ஐகாரக் குறியோ ஒட்டிக்கொள்ள அடுத்து எழுத்து ஏதுமின்றிச் சொல்லின் கடைசியில் அந்தரத்தில் தொங்கியது.

காரணம் எளியது. ஒருங்குறி எனும் யூனிகோடில் மெய்யெழுத்து முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னரும் சேமிக்கப்படுகின்றன. எகர, ஏகார, ஐகாரக் குறிகளைக் காட்டும்போது எழுத்தின் இடப்பக்கத்துக்குக் கொண்டுவருவது எழுத்துருவின் வேலை மட்டும் அல்ல, இயங்குதளத்தில் அதற்கென்று ஒரு மென்பொருள் அடுக்கும் இருக்க வேண்டும். இந்த ஆண்டிராய்டில் அந்த அடுக்கு தமிழுக்குச் செயல்படுவதில்லை. எனவே எழுத்துருவைப் போட்டுவிட்டால் தமிழ் வந்துவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். பார்வைக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளைச் சேமித்த பழைய தமிழ்க் குறியாக்கமான திஸ்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. பத்தாண்டாக அதைக் கைவிடச் சொல்லி வாதாடிய எனக்கு இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நடைமுறையில் நான் கண்ட வழி பி.டி.எஃப். அதில் எழுத்துகளின் வடிவங்களும் அவற்றின் இடங்களும் கோப்புக்குள்ளேயே அடங்கியிருப்பதால் கருவிக்குத் தமிழ் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. 1998 முதல் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தந்துவரும் மதுரைத் திட்டத்தின் பி.டி.எஃப். கோப்புகள் இந்தத் திரையில் ஒரு பிழையும் இன்றித் தெரிகின்றன. இன்னல் வேறிடத்தில் இருக்கிறது: ஏ4 தாளுக்கென்று அமைத்த பக்கத்தை 4.8 அங்குலத்தில் முழுதாகக் காட்டினால் எழுத்து எறும்பளவு ஆகிறது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டியிருக்கிறது. கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பி, ஓரத்து வெள்ளைப் பகுதி திரைக்கு வெளியே போகும் அளவுக்குப் பெரிதாக்கி, மேலிருந்து கீழாக மட்டும் நகர்த்திப் படிப்பது என் கைக்குப் பழகிவிட்டது. கணினியிலேயே சிறிய பக்க அளவில் பி.டி.எஃப். செய்து ஏற்றிக்கொண்டால் இந்த வித்தையும் வேண்டியதில்லை.

23 ஜனவரி 2011

தமிழ்ச் செய்தித் தளங்களைப் படிக்க வழியே இல்லையா என்று கேட்ட கொருக்குப்பேட்டை வாசகருக்கு. ஓப்பரா மினி என்ற உலாவியை நிறுவுங்கள். முகவரிக் கட்டத்தில் ஆங்கில எழுத்துகளில் ஓப்பரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று இடைவெளி இன்றி இட்டால் ஒரு மறைவான அமைப்புப் பக்கம் திறக்கும். சிக்கலான எழுத்துமுறைகளைப் படமாகக் காட்டலாமா என்று அதன் கடைசிப் பகுதியில் ஒரு கேள்வி இருக்கும். அதற்கு ஆம் என்று மாற்றிச் சேமியுங்கள். அதன் பிறகு ஓப்பராவின் சர்வரே தமிழை வரைந்து படமாக அனுப்பும். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருக்கும்.

ஆனால் அது படம். சொல்லைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, தரவும் கூடுதலாகச் செலவாகும். படித்தால் போதும் என்பவருக்கு இது தாராளம்.

6 பிப்ரவரி 2011

"கைப்பேசியின் இணையத்தை டேப்லட்டுக்குக் கொடுத்துவிட்டால் போயிற்று" என்று மூவர் எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்து பார்க்க முயன்ற அனுபவம் உள்ளவர்களா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இணையத்தை வைஃபையாகப் பகிரும் ஜோய்க்குஸ்பாட் செயலியைப் போட்ட நோக்கியா கைப்பேசி பெரும்பாலும் உருவாக்குவது அட்ஹாக் வகை வைஃபை; நடுவில் மையம் இன்றிக் கருவிகள் நேராக இணைவது அது. விண்டோஸ் மடிக்கணினியில் டாங்கிள் என்னும் இணையக் குச்சியைச் செருகி இணைப்பைப் பகிர்ந்தாலும் அதே வகைதான். ஆண்டிராய்டு அந்த வகையைக் கண்டுகொள்வதே இல்லை. பக்கத்து மடிக்கணினிக்குத் தெரியும் இணைப்பு, அதே மேசையில் இருக்கும் டேப்லட்டின் பட்டியலில் வராது. கருவி பழுது என்று எண்ணி ரீசெட் செய்து, இறக்கி வைத்த கோப்புகளை எல்லாம் இழந்தவர் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்.

முறையான ஹாட்ஸ்பாட் வேண்டுமானால் ஆண்டிராய்டு 2.2 உள்ள கைப்பேசி தேவை. அந்த வசதி சென்ற ஆண்டுதான் அதில் சேர்ந்தது. அல்லது விண்டோஸ் 7 மடிக்கணினியில் கனெக்டிஃபை போன்ற மென்பொருளைப் போட்டு, உண்மையான வைஃபை மையம் போலவே அதை நடந்துகொள்ளச் செய்யலாம். ஆர்க்கோஸைப் பொறுத்தவரை புளூடூத் வழியாகக் கைப்பேசியின் இணையத்தைப் பெறும் வாய்ப்பு உண்டு. 2ஜி வேகத்தில் அஞ்சல் பார்க்கலாம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

6 மார்ச் 2011

இராயபுரத்து வாசகர், மெகாஹெர்ட்ஸ் அதிகமாக இருப்பதை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். அதற்கு என்னிடம் எதிர்ச்சான்று இருக்கிறது.

பர்மா பஜாரில் பெயரற்ற சீன டேப்லட் ஒன்றை என் தம்பிக்காக வாங்கினேன். அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஆண்டிராய்டு 2.2 என்று அச்சிட்டிருந்தது. உள்ளே அமைப்புப் பக்கத்தில் 1.6 என்று இருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன். "பெட்டி புது சார், உள்ள இருக்கிறது கொஞ்சம் பழசு, அவ்வளவுதான்" என்றார். வாதிட முடியாத நேர்மை அது.

சில்லின் வேகம் அட்டையில் சொன்னபடியே இருந்தாலும் பயன் குறைவு என்பதைப் புரிந்துகொள்ள அந்தத் திரையைத் தொட்டுப் பார்த்தாலே போதும். ரெசிஸ்டிவ் திரை என்பது இரண்டு மெல்லிய படலங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் கண்டறிவது. விரல் பட்டால் போதாது, அழுத்த வேண்டும். ஆர்க்கோஸும் அதே வகைத் திரைதான். ஆனால் அதில் நகத்தின் நுனி பட்டாலே ஏற்கிறது. தம்பியின் டேப்லட்டிலோ கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்த வேண்டும். தொடக்கத்தில் வரும் அளவுதிருத்தப் பக்கத்தில் மூலைக்கு ஒன்றாகக் கூட்டல் குறிகள் தோன்றும். ஒவ்வொன்றையும் நடுவில் சரியாகத் தொட வேண்டும். வலது கீழ் மூலையில் படலம் சற்று உப்பியிருந்ததால் அங்கே தொட்டதை ஒரு நகக்கண் அளவு தள்ளியே அது உணர்ந்தது. விசைப்பலகையில் என்டர் விசையும் அதே மூலையில்தான் இருக்கிறது. ஒரு கடவுச்சொல்லை இட்டு முடிப்பதற்குள் தம்பி சொன்ன சொற்களை இங்கே எழுத இயலாது.

13 மார்ச் 2011

ஏழு அங்குல டேப்லட்டைப் பயன்படுத்த விரலைத் தேய்த்துக் குறுக்கிக்கொள்ள உப்புத்தாளும் சேர்த்துத் தர வேண்டும் என்று சென்ற அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் கேலி செய்ததை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். காசிமேட்டில் வலை இழுப்பவரின் விரலை அவர் பார்த்ததில்லை. அங்கே உப்புத்தாள்தான் தேய்ந்து போகும்.

நகைச்சுவை நீங்கலாக, அவர் பேச்சில் ஓர் உண்மை உண்டு. ஆண்டிராய்டு 2.2 டேப்லட்டுக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டதன்று எனச் சென்ற செப்டம்பரில் கூகுள் தரப்பிலிருந்தே ஒப்புக்கொண்டார்கள். டேப்லட்டுக்கென்று வந்துள்ள 3.0 பெரிய திரைகளுக்கானது. நம் ஐந்து அங்குலக் கருவிகளுக்கு அதனால் நட்டமில்லை. கைப்பேசிக்காக எழுதிய செயலிகள் இவற்றில் இயல்பாகவே பொருந்துகின்றன. ஏழு அங்குலத்தில்தான் அவை பெரியவர் சட்டையைப் போட்ட சிறுவனைப் போல் தொளதொளவென்று நிற்கின்றன.

22 மே 2011

மார்ச்சில் ரெசிஸ்டிவ் திரையைப் பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அக்கினி நட்சத்திரத்தின் வியர்வையில் சில செய்திகள் தெளிவாகின்றன.

அலுவலக நண்பரின் கெப்பாசிடிவ் திரையுள்ள, அதாவது அழுத்தத்தை அன்றி விரலின் மின்தன்மையை உணரும் திரையுள்ள டேப்லட்டை வாங்கிச் சில நாள் பயன்படுத்தினேன். மெல்லத் தொட்டாலே நகரும் சுகம் உண்மை. ஆனால் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வரும் உப்புக்காற்றில், வியர்த்த கையோடு வண்டியில் நிற்கும்போது, திரையில் விழுந்த ஒரு துளியையும் அது விரலாக எடுத்துக்கொண்டு பக்கத்தைத் தானே ஓட்டிவிடுகிறது. என் பழைய திரை துளியைப் பொருட்படுத்துவதில்லை. துடைத்துவிட்டுத் தொடர்ந்து படிக்கலாம். மீன் ஏலக் கணக்கு எழுதும் என் சித்தப்பா ஈரக் கையோடும் பேனாவின் மூடியாலும் ஆர்க்கோஸில் எண்களை இட்டார். நண்பரின் கருவி பேனா மூடியை ஏற்கவே இல்லை.

இன்னொன்று சார்ஜர். மலிவான சார்ஜரைச் செருகிய நிலையில் கெப்பாசிடிவ் திரை தொடாத இடங்களில் எல்லாம் தொட்டதாக எண்ணித் துள்ளும். பலர் இதைத் திரைப் பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓடுகிறார்கள். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். துள்ளல் நின்றால், சரியாக வடிகட்டாத மின்சாரத்தின் இரைச்சல்தான் காரணம். திரையில் குறையில்லை, சார்ஜரை மாற்றினால் போதும்.

சீன டேப்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. சிலவற்றுக்கு 9 வோல்ட், சிலவற்றுக்கு 5 வோல்ட். இரண்டின் முனையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றின் துளைக்குள் மற்றொன்று நுழையவும் செய்யும். சார்ஜரின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் செருகாதீர்கள்.

9 அக்டோபர் 2011

இந்த 5ஆம் தேதி தில்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட, மாணவர்களுக்கான மலிவு விலை டேப்லட் ஆகாஷைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். நான் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டதாகப் பேசவும் போவதில்லை. வெளியான விவரங்களை இதுவரை இங்கே எழுதியவற்றோடு ஒப்பிடலாம்: ஏழு அங்குலம், 800க்கு 480 புள்ளிகள், ரெசிஸ்டிவ் திரை, 366 மெகாஹெர்ட்ஸ், 256 எம்.பி. நினைவகம், 2100 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, ஆண்டிராய்டு 2.2. ஆர்க்கோஸின் புள்ளிகளே இதிலும். அவற்றை ஏழு அங்குலத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். ஆண்டிராய்டு மார்க்கெட் இதிலும் இல்லை. பேட்டரி கேலக்ஸி டேப்பில் இருப்பதில் பாதியை ஒட்டியது.

விலைக்குத் தகுந்த பொருள் என்று சிலர் வாதிடுகிறார்கள். விலை குறைவு என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் மாணவருக்குத் தமிழ்ப் பாடம் கட்டங்களாகத் தெரியுமா, "பரெம்பூர்" ஆகத் தெரியுமா என்பதை வெளியீட்டு விழாச் செய்திகளில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. சென்ற மாதம் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியோடு இதை ஒப்பிடுவோருக்கு ஒரு சொல்: அந்த மடிக்கணினி வந்த வியாசர்பாடி வீடு ஒன்றில் இணைய இணைப்பு இல்லை, பிள்ளைகள் பென் டிரைவில் கொண்டுவந்ததைத்தான் பார்க்கிறார்கள். வைஃபை மட்டும் உள்ள டேப்லட் அதே வீட்டுக்கு வந்தால் அதற்கும் மெமரி கார்டுதான் இணையம்.

20 நவம்பர் 2011

சாம்சங்கின் பெரிய திரைக் கைப்பேசியான கேலக்ஸி நோட் நம் ஊர்க் கடைகளுக்கு வந்துவிட்டது. 5.3 அங்குலம், 1280க்கு 800 புள்ளிகள், சிம், பேனா. காதில் வைத்துப் பேசுகிறவரைக் கண்டு சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் இரண்டு ஆண்டு கழித்து எதை வைத்துப் பேசுவார்கள் என்று பார்ப்போம். பெரம்பூர் நண்பரின் கேள்விக்கு ஜனவரியில் நான் சொன்ன பதில் இதனால் வலுவிழக்கிறது என்பதை மறைக்கவில்லை: சட்டைப் பையில் தனியாக ஒரு டேப்லட் வைத்துக்கொள்ளும் தேவையைக் கைப்பேசியே விழுங்கிக்கொண்டிருக்கிறது. விழுங்கி முடியும்வரை, முப்பதாயிரத்துக்கு மேல் கொடுக்க இயலாதவர்களுக்கு என் பதில் நிற்கும்.

11 மார்ச் 2012

சென்னையில் நாளுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. இங்கே அதைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. மின்சாரம் போனால் டேப்லட்டில் சார்ஜ் இருக்கும், மோடம் அணைந்துவிடும். வைஃபையை மட்டும் நம்பிய கருவிகள் அத்தனையும் அந்த இரண்டு மணி நேரமும் வண்டியில் இருப்பதைப் போலவே வீட்டிலும் துண்டிக்கப்பட்டுவிடுகின்றன. முன்னிரவில் இறக்கி வைத்துக்கொள்ளும் என் பழக்கத்தைக் கிழவர் பழக்கம் என்று கேலி செய்த தம்பி, இப்போது என்னிடம் வந்து படங்களைக் கார்டில் ஏற்றிக்கொண்டு போகிறான்.

15 ஜூலை 2012

சென்ற மாதம் கூகுள் அறிவித்த நெக்சஸ் 7ஐப் பற்றி இரு வரிகள். அமெரிக்காவில் 199 டாலர், ஆண்டிராய்டு 4.1, வைஃபை மட்டும், சிம் இல்லை. பேச முடியாத கருவி விளையாட்டுச் சாமான் என்ற வாதத்தை இனிக் கூகுளிடமே வைக்கலாம். அகலம் 120 மில்லிமீட்டர் என்பதால் என் சட்டைப் பை அதை ஏற்காது.

திருவொற்றியூரிலிருந்து தனிமடலில் கேட்டவருக்குப் பொதுவிலேயே விடை: ஆர்க்கோஸ் விற்பனைக்கு இல்லை, சித்தப்பா திருப்பித் தந்தால் யோசிக்கலாம். தம்பியின் சீன டேப்லட்டை உதிரிப் பாகங்களுக்காக யாரேனும் விரும்பினால் விலையின்றித் தருகிறேன்; தண்டையார்பேட்டை நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வலது கீழ் மூலையைப் பற்றிப் பிறகு புகார் சொல்லக் கூடாது. சார்ஜரைத் தர மாட்டேன். அது 9 வோல்ட், இப்போது வேறொன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறது.